ரியோகானில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு: முன்பதிவு முதல் வெந்நீர்க் குளம் வரை

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிற பலருக்கு ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதியில் ஓர் இரவாவது தங்க ஆசை இருக்கும். ஆனால் விலையைப் பார்த்தும், "எல்லார் முன்னாடியும் துணியில்லாம குளிக்கணுமாமே" என்ற பேச்சைக் கேட்டும் பின்வாங்கிவிடுவார்கள். இரண்டுக்குமே வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு நாளை முழுசாக விடுதிக்கே கொடுத்துவிடுங்கள். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் படுத்து, காலையில் அவசரமாகக் கிளம்புவதாக இருந்தால் சாதாரண ஹோட்டலே போதும், இவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை.

1. முன்பதிவு

வெந்நீர் ஊற்று உள்ள ஊராகப் பாருங்கள். டோக்கியோவில் இருந்தால் ஹகோனே பக்கம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். கியோத்தோ பக்கம் இருந்தால் கினோசாகி, எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் கினோசாகியைத்தான் சொல்வேன். விடுதிக்குள் இருக்கும் குளியல் போக ஊருக்குள் ஏழு பொதுக் குளியல் கூடங்கள் உண்டு, விருந்தினர்கள் யுகாத்தா அங்கியும் மரச்செருப்புமாகத் தெருவில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். ஊரே அப்படித்தான் நடமாடும் என்பதால் புதிதாக வந்தவருக்குக் கூச்சம் சீக்கிரம் விட்டுப்போகும். பச்சை குத்திக்கொண்டவர்களைப் பல ஊர்களில் பொதுக்குளத்தில் அனுமதிக்க மாட்டார்கள். கினோசாகியின் ஏழு கூடங்களிலும் அந்தத் தடை இல்லை. வேறு ஊர் என்றால் பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விலை பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். இதைக் கவனிக்காமல் ஹோட்டல் வாடகையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள். ரியோகானில் இரவுச் சாப்பாடு பல சிறு தட்டுகளாக வரும், அநேகமாக எல்லாவற்றிலும் மீன் இருக்கும். காய்கறியாகவே தெரிகிற உணவும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த 'தாஷி' சாற்றில்தான் வெந்திருக்கும். அதனால் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மீன் தாஷியும் கூடாது" என்று பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். போய் இறங்கியபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் சமையல் முன்கூட்டியே திட்டமிட்டது. முடியாது என்று பதில் வந்தால் சாப்பாடு இல்லாத கட்டணத்தில் தங்கலாம். இல்லாவிட்டால் கோயாசான் மலையில் உள்ள புத்த மடங்களில் தங்குங்கள். ஊற்றுக் குளியல் அங்கே அரிது, ஆனால் துறவிகளின் இறைச்சியும் மீனும் இல்லாத சமையல் கிடைக்கும்.

எல்லாரோடும் சேர்ந்து குளிக்க மனம் ஒப்பவில்லையா? 'காஷிகிரி' குளியல் இருக்கிற விடுதியாகப் பாருங்கள். முக்கால் மணி நேரம் போலக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குடும்பமாகவோ தனியாகவோ குளிக்கலாம். அறையோடு சேர்ந்த சொந்தக் குளம் உள்ள விடுதிகளும் உண்டு, விலைதான் கூட.

2. போய்ச் சேருவது

மூன்று மணிக்கு அறை கொடுப்பார்கள். மூன்று மணிக்கே போய்விடுங்கள். இரவுச் சாப்பாடு பதிவு செய்திருந்தால் ஆறு மணிக்குள்ளாவது இருக்க வேண்டும், தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள்.

வாசலிலேயே ஷூவைக் கழற்ற வேண்டும், இது நமக்குப் பழக்கமானதுதான். உள்ளே போட்டுக்கொள்ள ஸ்லிப்பர் தருவார்கள். கோரைப்பாய் விரித்த ததாமி அறைக்குள் அந்த ஸ்லிப்பரும் கூடாது, வெறுங்காலோ சாக்ஸோதான். கழிப்பறைக்கென்று தனி ஸ்லிப்பர் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடாதீர்கள். சூட்கேஸைப் பாயின் மேல் உருட்டாமல் தூக்கி வையுங்கள். சுவரோரம் சற்று உயர்த்திக் கட்டி, படச்சுருளும் பூவும் வைத்திருக்கும் மாடத்தில் பையை வைக்கக் கூடாது, அது அறையின் மரியாதையான இடம்.

சற்று நேரத்தில் அறையைக் கவனிக்கும் பெண்மணி தேநீரும் இனிப்பும் கொண்டுவந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பார். அந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும்.

3. யுகாத்தா கட்டுவது

வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி வைத்து, இடப்பக்கத்தை அதன் மேல் கொண்டுவந்து இடுப்புக் கச்சையைக் கட்டுங்கள். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. அளவு சரியில்லை என்றால் வேறு கேளுங்கள், தருவார்கள். இதே உடையில் பெரும்பாலான விடுதிகளில் சாப்பாட்டுக்கும் போகலாம்.

4. குளியல்

வாசல் திரை நீலமென்றால் ஆண்கள், சிவப்பென்றால் பெண்கள் என்பது பொதுவான வழக்கம். நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: ஆண் என்பதற்கான எழுத்தின் மேல்பாதியில் நான்காகப் பிரித்த கட்டம் இருக்கும், பெண்ணுக்கான எழுத்தில் கட்டமே இருக்காது. பல விடுதிகளில் ராத்திரிக்கும் காலைக்கும் இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன கதவுதானே என்று தூக்கக் கலக்கத்தில் நுழையாதீர்கள்.

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் வைக்க வேண்டும், நீச்சல் உடையும் கூடாது. நகைகளை அறையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது; கந்தகம் உள்ள ஊற்று என்றால் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கறுத்துப்போகும். போனைக் கையில் எடுக்கவே கூடாது. சின்னத் துண்டு ஒன்று மட்டும் உங்களோடு உள்ளே வரும். முன்பக்கம் மறைத்துக்கொள்ள அதுதான்.

உள்ளே போனதும் நேராகக் குளத்தில் இறங்காதீர்கள். சுவரோரம் குட்டி ஸ்டூல்களும் கைக்குழாயும் சோப்பும் இருக்கும். உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்காமல், தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசுங்கள். ஸ்டூலையும் கழுவி வையுங்கள். அழுக்குப் போக்குகிற இடம் இதுதான், குளம் உடம்பை ஊறவைக்க மட்டும். எல்லாரும் அதே நீரில் இருப்பதால் இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானியர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அவர்கள் செய்வது சரியும்கூட.

அப்புறம், வாளியில் குளத்து நீரை மொண்டு முதலில் காலில், பிறகு மெல்ல மேலே ஊற்றிச் சூட்டுக்குப் பழகுங்கள். நீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். மெதுவாக இறங்குங்கள். நீந்துவதோ தண்ணீர் தெறிக்க விளையாடுவதோ கூடாது. நீண்ட முடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். துண்டும் நீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறியதும் எழுந்து கரையில் உட்காருங்கள், உடம்பு ஆறியதும் மறுபடி இறங்குங்கள். திறந்தவெளிக் குளம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்: முகத்தில் குளிர்காற்று, கழுத்துக்குக் கீழே வெந்நீர், அப்படி எவ்வளவு நேரமும் இருக்கலாம் போலிருக்கும். கூச்சமா? யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஐந்து நிமிடத்தில் நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

வெளியே வருமுன் சின்னத் துண்டால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், உடை மாற்றும் அறைத் தரை நனையக் கூடாது. ஊற்று நீரின் தாதுக்கள் தோலில் தங்கட்டும் என்று பலர் மறுபடி நல்ல தண்ணீரில் அலசுவதில்லை. ஆனால் குசாட்சு போன்ற ஊர்களில் நீர் கடுமையான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 2 அளவுக்கு இறங்கும்; மென்மையான தோல் உள்ளவர்கள் அங்கே அலசிவிடுவதே நல்லது. நீரில் என்னென்ன இருக்கிறது என்ற ஆய்வு அட்டை சுவரில் தொங்கும். மது குடித்துவிட்டு இறங்க வேண்டாம், மாதவிலக்கு நாட்களில் பொதுக்குளத்தைத் தவிர்த்துவிடுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

5. இரவும் காலையும்

நீங்கள் சாப்பிட்டு முடித்து வருவதற்குள் பல விடுதிகளில் ஃபுதோன் என்கிற மெத்தைப் படுக்கையைத் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். படுக்குமுன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை குளியுங்கள். விடிகாலையில் கூட்டம் குறைவு. காலைச் சாப்பாடு சோறு, மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப், சுட்ட மீன், ஊறுகாய் என்று வரும்.

பத்து மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்ய வேண்டும். டிப்ஸ் தேவையில்லை. பில்லோடு குளியல் வரி என்று ஆளுக்குச் சிறு தொகை சேரும், பெரும்பாலான ஊர்களில் 150 யென். இணையத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதை நேரில் கேட்பார்கள், கையில் சில்லறை யென் வைத்திருங்கள்.