உள்தொடை எரிச்சலுக்குக் காரணம் தொடையன்று
சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மெதுவோட்டம் போய் வந்த பிறகெல்லாம் உள்தொடை சிவந்து, குளிக்கத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. எடை குறைந்தால் சரியாகிவிடும் என்றார் பெரியம்மா. கூச்சத்தால், தொடையின் வடிவம் தெரியாத தொளதொளத்த காற்சட்டைக்கு மாறினேன், புண் பெரிதானது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில், பவுடர் வியர்வையோடு திரண்டு மேலும் உரசியது. தேங்காயெண்ணெய் பாதி வழிகூடத் தாங்கவில்லை.

பிறகு கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், சிவப்பு இரு தொடைகளும் ஒட்டும் இடத்தில் இல்லாமல், காற்சட்டையின் உள்தையல் ஓடும் கோட்டில், அந்தத் தையலின் அகலத்துக்கே இருப்பது புலப்பட்டது. தளர்ந்த துணி ஓட ஓட மேலேறி மடிய, காய்ந்த வியர்வையின் உப்பும் சேர்ந்து உப்புத்தாளாகவே தேய்த்திருக்கிறது. என்னைவிட மிகவும் ஒல்லியான தோழிக்கும் அதே கோடு இருந்தது. அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

தட்டைத் தையலுடன், முழங்காலுக்குச் சற்று மேல்வரை உடலை ஒட்டி நிற்கும் காற்சட்டை ஒன்றை வாங்கினேன். ஓடுமுன் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, ஓடி முடித்தவுடன் நனைந்த உடையை மாற்றிவிடுகிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையாமலே சிவப்பு மறைந்தது. வெளிர்நிறத் துணியென்றால், ஜெல்லிக் கறை போகச் சற்று அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும்.