சோடா வாங்க ஓடாதீர்கள், நெஞ்சை அழுத்துங்கள்

மாங்காய் மண்டியில் ஒருத்தர் திடீரென்று சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். கிருஷ்ணகிரியோ தர்மபுரியோ, எங்கள் பக்கம் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம்: ஒருவர் சோடா வாங்க ஓடுவார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார், இன்னொருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார், அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் போடுவார்கள். இதயத் துடிப்பு நின்றவருக்கு இதில் எதுவும் உதவாது, ஆட்டோ உட்பட. நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அஞ்செட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

முதலில் தோளைத் தட்டி, "அண்ணா, அண்ணா" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவு இல்லையென்றால் மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், 10 வினாடிக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். தரையில் போட்ட மீன் மாதிரி எப்போதாவது ஒரு தடவை வாய் திறந்து ஒரு இழுப்பு வரும், உடனே "மூச்சு இருக்குப்பா, இழுத்துட்டிருக்கு" என்று சுற்றி நின்றுவிடுவார்கள். அது மூச்சுக் கணக்கில் சேராது. நாடி பிடித்தும் பார்க்க வேண்டாம், பழக்கமில்லாத கைக்கு அது வீண் வேலை.

அடுத்து 108. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள், பக்கத்தில் இருக்கும் கோயில், பெட்ரோல் பங்க் எதையாவது அடையாளம் சொல்லுங்கள்.

இப்போது அழுத்தம். கயிற்றுக் கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் அழுத்துவதையெல்லாம் கயிறுதான் வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் மண்டியிட்டு, நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் மணிக்கட்டை ஒட்டிய மேட்டை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல் உங்கள் உடம்பு எடை மொத்தமும் இறங்குகிற மாதிரி 5 சென்டிமீட்டராவது அழுத்துங்கள், 6ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் திரும்ப ரத்தம் நிறையும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது ஒன்று, இரண்டு என்று எண்ணி 30 வரும்போது 15 முதல் 18 வினாடி ஆகியிருக்க வேண்டும். விலா எலும்பு 'நறுக்' என்று சத்தம் போடலாம். போடட்டும், நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், ஏனென்றால் களைப்பு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் போன் வழியாகவே ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. வெறும் அழுத்தம் மட்டும் பெற்றவர்களில் 14.6 சதவீதம், ஊதுதலும் சேர்ந்து பெற்றவர்களில் 10.4 சதவீதம் பிழைத்து வீடு திரும்பினார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் வெறும் அழுத்தம் சளைத்ததில்லை என்பது தெரிந்துவிட்டது. சரி, வயது வந்த ஒருவர் திடீரென்று விழுந்தால் கை மட்டும் போதும்.

ஒகேனக்கல் தண்ணீரில் மூழ்கியவர் கதை வேறு. அங்கே தீர்ந்துபோனது காற்று, அதனால் முதலில் மூச்சு ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

108 ஆட்கள் வந்து கை வைக்கும்வரை, அல்லது அவராகவே சீராக மூச்சுவிட ஆரம்பிக்கும்வரை அழுத்துங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். அப்போதும் சோடா கொடுக்காதீர்கள்.