கப்பல் பதிவேட்டில் பூட்டனைத் தேடுவது எப்படி

தென் ஆப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் கப்பல் பதிவேடுதான். யாருடைய பூட்டன், பூட்டி எந்த ஊரிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று தேடிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இந்த வேலையைத் தமிழ் தெரிந்த யாரும் செய்யலாம். வேலூரில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் நம் உதவி நிஜமாகவே தேவைப்படுகிறது.

முதலில் விவரம். ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. நடுவே 1866 முதல் 1874 வரை ஆள் ஏற்றுவது நின்றிருந்தது. "தாத்தா 1870-இல் கப்பலேறினார்" என்று ஒரு குடும்பம் சொன்னால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள கப்பல்களைப் பாருங்கள்.

வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. கொலோனியல் நம்பர் என்பார்கள். அதன் நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம்.

பதிவேட்டுக்குப் போகுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். புரட்டாசி மாதம் நல்ல சமயம். இங்கே புரட்டாசி விரதம் பலமாக நடக்கும். முன்னோருக்குப் படையல் போடும் நாளில் குடும்பமே கூடியிருக்கும். "உங்க ஊர் எது ஆயா?" என்று நேராகக் கேட்டால் "இந்தியா" என்றுதான் பதில் வரும். படையலில் யார் யார் பெயரைச் சொல்லிக் கும்பிடுவீர்கள், எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், வீட்டு சாமி எது என்று கேளுங்கள். சாமி பெயர் பெரிய துப்பு. கங்கையம்மனைக் கும்பிடும் குடும்பம் என்றால் குடியாத்தம், சித்தூர் பக்கத்தை முதலில் பார்ப்பேன். அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கே தொடங்குவது என்பது மட்டும் தெரியும்.

தோட்டத்தின் பெயரை இரண்டு முறை கேளுங்கள். பின்னாளில் வந்த கப்பல்களில் பலவற்றுக்கு உம்லாசி, உம்வோட்டி, உம்சிண்டோ, பொங்கோலா என்று நேட்டால் ஊர், ஆறுகளின் பெயரையே வைத்திருந்தார்கள். "எங்க தாத்தா உம்சிண்டோ" என்றால் அந்தக் கப்பலில் வந்தவரா, தெற்குக் கரையில் இருக்கிற உம்சிண்டோவில் கரும்பு வெட்டியவரா என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது நம்பர். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய மரண அறிவிப்பு, திருமணச் சான்று, பிறப்புப் பதிவு எது இருந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர்களின் கல்யாணமும் பிள்ளைப்பேறும் இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாகின. அந்தப் பதிவுகளில் தாய் தகப்பன் நம்பரைத் தேடுங்கள். பல வீடுகளில் ஒரு காகிதமும் இருக்காது. இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்து, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்து 1960-களில் இங்கே கொண்டுவந்தபோது எத்தனையோ பெட்டிகள் தொலைந்தன. அப்படிப்பட்டவர்களைக் கைவிட வேண்டாம். பெயரை வைத்துத் தேடலாம்.

நம் தமிழ் அங்கேதான் உதவுகிறது. பதிவேடு எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான். ழ, ள, ல மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன் பூட்டன் ஏழுமலையைத் தேடினார். ஜில்லாவும் வயதும் ஒத்துவந்த ஒரு வரியில் 'எல்லமலா' என்பது போல எழுதியிருந்தது. வீட்டுப் பிள்ளைகள் அதை எல்லம்மா என்று படித்து, பெண் பெயர் என்று தள்ளிவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் ஆண் என்று இருந்தது. சத்தம்போட்டு வேகமாகச் சொல்லிப் பார்த்தோம், ஏழுமலை வந்துவிட்டார். தகப்பன் பெயரும் குடும்பம் சொன்னதோடு பொருந்தியது. அடையாளக் கட்டத்தில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று இருந்ததைப் படித்ததும் பெரியவர் தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆகவே எழுத்தைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் வாயால் சொல்லிப் பாருங்கள், அதுவும் கிராமத்தில் கூப்பிடுவது போல. தகப்பன் பெயர் பொருந்தாமல் எதையும் உறுதி செய்யாதீர்கள், முனுசாமிகள் ஏராளம். பிள்ளை, நாயுடு, முதலி என்று இன்று குடும்பப் பெயராக இருப்பது பதிவேட்டில் இல்லாமல் போகலாம். அது பல குடும்பங்களில் இங்கே வந்த பிறகு சேர்ந்தது. முனுசாமி, பெருமாள் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: அது பெரும்பாலும் முதலில் வந்தவரின் பெயர், அல்லது அவர் தகப்பன் பெயர்.

ஊர்ப் பெயருக்கு இன்றைய வரைபடத்தை எடுக்காதீர்கள். சிங்கிள்புட் செங்கல்பட்டு, வாண்டிவாஷ் வந்தவாசி என்பது எளிது. சிக்கல் ஜில்லாவில்தான். சித்தூர் 1911-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை வடஆற்காட்டில் இருந்தது. திருவண்ணாமலை அதே ஆண்டு வரை தென்னாற்காடு, திருப்பத்தூர் சேலம். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அன்றைய சேலம்தான். பதிவேட்டில் சேலம் என்று பார்த்துவிட்டுச் சேலம் நகரத்துக்கு விமானச் சீட்டு எடுத்துவிடுவார்கள். தாலுகாவைப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

கிடைத்ததை எப்படிக் கொடுப்பது என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். சாதிக் கட்டத்தில் இருப்பதை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. குடும்பத்தில் மூத்தவரைத் தனியே உட்கார வைத்து, தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டு, வேண்டும் என்றால் மட்டும் சொல்லுங்கள். கடல் கடந்து வந்து அதை உதறிவிட்டு வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். நாம் போய் அவர்கள் கொள்ளுப்பேரன் நெற்றியில் அதை ஒட்ட வேண்டியதில்லை. தனியாக வந்த பெண்களும் நிறைய. கணவன் பெயர் இல்லை, கையில் குழந்தை என்று பதிவு இருக்கும். சிலர் முகம் வாடும். பஞ்சமும் வீட்டுக் கொடுமையும் தாங்காமல் கப்பலேறிய பெண்ணுக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று நான் பேத்திகளிடம் சொல்வேன். மனப்பூர்வமாகவே சொல்கிறேன்.

தேடிக் கொடுப்பதற்குக் கூலியாக ஒன்று கேட்கிறேன்: பதிவின் நகல் ஒன்று கோயில் அலமாரியில் இருக்கும் கோப்புக்கு. நம்பர், பெயர், ஊர், இப்போதுள்ள குடும்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். சாதிக் கட்டத்தை விட்டுவிடுகிறோம். ஒரே கிராமத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் இரண்டு தெரு தள்ளி இருப்பது அப்படித்தான் தெரிய வருகிறது. நீங்களும் முதல் நாளிலிருந்தே நோட்டுப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: எங்களில் ஒருவர் ஊர்ப் பெயர் கேட்டு எழுதினால், அந்தத் தாலுகாவில் அதே பெயரில் எத்தனை கிராமம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், புதூரும் நல்லூரும் எங்கும் உண்டு. பிறகு அங்குள்ள அம்மன் கோயில் பெயரைக் கேட்டு எழுதுங்கள். விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள். எந்த ஊர் இல்லை என்பதும் எங்கள் நோட்டில் ஏறும்.