நாய் நிற்கும் இடத்தில் நாமும் நிற்பது: காலை நடைக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பொன்னிக்குப் பன்னிரண்டு வயது, தெருவிலிருந்து வந்தவள், மூட்டு வலியால் இப்போது மெதுவாகத்தான் நடப்பாள். வேலுவுக்கு இரண்டு வயது, சிப்பிப்பாறைக் கலப்பு, கதவைத் திறந்தால் அம்பு மாதிரி பாய்வான். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு இருவரையும் திருவான்மியூரில் எங்கள் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய் வருகிறேன். பல வருடம் இதை ஒரு வேலையாகத்தான் செய்தேன். காதில் பாட்டு, கையில் போன், மனதுக்குள் அன்றைய ஆபீஸ் கணக்கு. பொன்னி எங்காவது நின்றால் "வா வா" என்று கயிற்றை இழுப்பேன். அவளுக்கு மூட்டு வலி வந்த பிறகு இழுக்க மனம் வரவில்லை, அவள் நிற்கும் இடத்தில் எல்லாம் நானும் நிற்க வேண்டியதாயிற்று. நின்றால் வேறு என்ன செய்வது, சுற்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.

"நன்றியோடு இரு" என்று யாராவது சொன்னால் அது எனக்கு வராது. ஆனால் ஒன்றைச் சரியாகப் பார்த்துவிட்டால் நன்றி தானாக வந்துவிடுகிறது. அதனால் இந்தச் செய்முறையின் வரிசை இதுதான்: முதலில் நிற்பது, அப்புறம் பார்ப்பது, கடைசியில்தான் நன்றி. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், நாய் முன்னால் இழுத்தாலும் தொண்டை இறுகாது. கயிறு இரண்டு மீட்டராவது இருக்கட்டும், அதைவிடக் குட்டையானால் நாய் முகர வேண்டிய இடத்துக்கு அதன் மூக்கு எட்டாது. மலம் அள்ள இரண்டு பை, சின்ன பாட்டிலில் தண்ணீர். கோடையில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும், அன்றைக்கு இன்னும் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டும். போனை எடுத்துப் போகலாம், அவசரத்துக்குத் தேவைப்படும், ஆனால் சத்தத்தை நிறுத்திப் பையில் போட்டுவிடுங்கள். ஹெட்போன் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும், அதில் சமரசம் வேண்டாம்.

படி 1: முதல் பத்து நிமிடம் நாயுடையது

வாசலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாய் முடிவு செய்யட்டும். ரோட்டைக் கடப்பது, வண்டி வந்தால் ஒதுங்குவது மட்டும் உங்கள் பொறுப்பு. ஒரே விளக்குக் கம்பத்தடியில் நாய் மூன்று நிமிடம் நிற்கும்போது உங்களுக்குப் பொறுமை போகும். அப்போது அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் காத்திருப்பது சுலபம்.

மணத்தை உணரும் செல்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்துப் பத்துக் கோடியிலிருந்து முப்பது கோடி வரை. ஒரு விநாடிக்குள் ஐந்து தடவை முகர்கிறது. நம்மைப் போல உள்ளே இழுத்த வழியிலேயே மூச்சை வெளியே விடுவதில்லை, மூக்கின் இரு ஓரத்திலும் இருக்கும் பிளவு வழியாக விடுகிறது. அதனால் வெளியே போகிற காற்று உள்ளே வருகிற வாசனையைக் கலைப்பதில்லை. உங்கள் நாயின் மூக்கைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அந்தப் பிளவு கண்ணுக்கே தெரியும். புழுதித் தரையில் முகரும்போது மூக்கின் இரண்டு பக்கமும் தூசி லேசாக எழும்புவதும் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக என் மடியில் தலை வைத்துத் தூங்கிய மூக்கு அது, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்தக் கம்பத்தடியில் ராத்திரி யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, நேற்று வந்தவரா இன்று வந்தவரா என்பதெல்லாம் அதற்குத் தெரிகிறது. நாம் தினத்தந்தி படிக்கிற நேரம் மாதிரி அதை நினைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் தானே நகரும்.

படி 2: ஒரு நாளைக்கு ஒரு புலன்

எல்லாவற்றையும் கவனிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது. திங்கட்கிழமை காது மட்டும், செவ்வாய்க்கிழமை மூக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காது நாளில் எங்கள் தெருவில் கிடைப்பவை: பால் பாக்கெட் டப்பாவை இறக்கும் சத்தம், மருந்தீஸ்வரர் கோயில் மணி, சீமாறு தரையில் உரசுவது, தூரத்தில் அலை. பங்குனி சித்திரையில் குயில் சேர்ந்துகொள்ளும், கார்த்திகையில் அதன் குரலே இருக்காது. குரல் வரும் கிளையைத் தேடிப் பாருங்கள், கன்னங்கரேல் என்று இருந்தால் ஆண், பழுப்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் பெண். காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகிறவள் அவள்தான்.

மூக்கு நாளுக்கு மழை விட்ட காலையைவிட நல்லது இல்லை. மண்வாசனை என்கிறோமே, அதில் பெரும்பங்கு மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. காற்றில் அது மிக மிகச் சொற்பமாக இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மூக்கு விஷயத்தில் நாம் நாயிடம் எப்போதும் தோற்பவர்கள், இந்த ஒரு வாசனையில் மட்டும் நாமும் கெட்டிக்காரர்கள் என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருக்கிறது.

படி 3: ஒரு மரம், ஒரு அடிவானம்

தினமும் கடந்து போகும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்க அதையே பாருங்கள். என்னுடையது தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம். ராத்திரி இலைகளை மடக்கிக்கொள்ளும் மரம் அது, மேகம் மூடிய பகலிலும் சுருங்கும். நாங்கள் போகும்போது இலைகள் மூடியிருக்கும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது விரிந்திருக்கும். ஒரே நடைக்குள் ஒரு மரம் விழித்துக்கொள்வதைப் பார்க்க முடிகிறது. உங்கள் தெருவில் புங்கை இருந்தால் பூ உதிர்ந்து தரை வெளுக்கும் வாரத்தைக் குறித்து வையுங்கள். பவழமல்லி இருந்தால் விடியலில் போங்கள், வெயில் ஏறினால் பூ வாடிவிடும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சூரியன் உதிக்கும் இடத்தை ஏதாவது ஒரு படகோடோ கட்டடத்தோடோ சேர்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆனி மாதம் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், மார்கழியில் அதே அளவு தெற்கே. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, ஆக ஆறு மாதத்தில் சூரியன் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம் நகர்கிறது. உத்தராயணம் தட்சிணாயனம் என்று நாள்காட்டியில் படித்தது கடல்மேல் நிஜமாக நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ராத்திரி ஏறி வந்து முட்டையிடும், ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். நாய்கள் அதைத் தோண்டிவிடும். அந்த மாதங்களில் மணலில் கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். மணலில் டிராக்டர் சக்கரம் போனது போல அகலமான தடம் தெரிந்தால் அது ஆமை ஏறி இறங்கிய வழி. நாயைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள், முந்தின இரவு ஒரு தாய் அங்கே வந்து போயிருக்கிறாள்.

படி 4: மனிதர்களிடம் வாய் திறந்து சொல்வது

நன்றி இந்தப் படியில்தான் வருகிறது. மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனால் போதாது, யாரிடமாவது சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இன்னமும் பச்சரிசி மாவில் கோலம் போடுகிறார். ஒரு நாள் வேலு கோலத்தின் ஒரு மூலையை நக்கிவிட்டான். நான் பதறிப்போய்க் கயிற்றை இழுத்தேன்.

"மன்னிச்சுக்குங்க பாட்டி, கவனிக்கல."

"இருக்கட்டும் கண்ணு. எறும்புக்குன்னு போட்டதுதானே, அதுக்கும் கொஞ்சம் போகட்டும். கெழவி எங்க, மெதுவா வர்றாளா?"

பொன்னியை அவர் கிழவி என்றுதான் சொல்வார். அதற்கு முன் பல மாதம் அந்தக் கோலத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை. மறுநாள் நின்று, "உங்க கோலத்தைப் பார்த்துட்டுப் போனாத்தான் பாட்டி எனக்குப் பொழுதே விடியுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பொன்னியின் தலையைத் தடவினார்.

வாரத்துக்கு ஒருவர் என்று ஆரம்பியுங்கள். தெரு கூட்டும் அக்கா, பால் போடும் அண்ணன், ராத்திரி முழுக்க விழித்திருந்த வாட்ச்மேன். வெறும் "தேங்க்ஸ்" வேண்டாம், எதற்கு என்று சொல்லுங்கள். "நேத்து கண்ணாடிச் சில்லைக் கூட்டி ஒதுக்கினீங்களே அக்கா, இவன் கால் தப்பிச்சது" என்பது மாதிரி. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கவனித்திருக்க வேண்டும், அதனால்தான் முதல் மூன்று படிகள்.

படி 5: ஒரு வரி எழுதுங்கள்

வீட்டுக்கு வந்து நாய்க்குத் தண்ணீர் வைத்ததும், காபிக்கு முன்னால், ஒரே ஒரு வரி. தினமும் வேண்டாம். நன்றிக்குரியவற்றை எழுதும் பழக்கத்தைச் சோதித்த சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கண்டார். என் அனுபவமும் அதுதான், தினமும் எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது.

நடை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு 15 நிமிடம் நடந்தார்கள், ஒரு பாதிப்பேரிடம் மட்டும் வியப்போடு பார்த்து நடக்கச் சொன்னார்கள். நடக்கும்போது எல்லோரும் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வாரங்கள் போகப் போக வியந்து நடந்தவர்களின் படத்தில் அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னணி பெரிதானது. சிரிப்பும் அகலமானது. நானும் வேலுவும் இருக்கும் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் என் முகமே நிறைந்திருக்கிறது.

நடக்காத நாட்கள்

தெரு நாய்கள் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், அவற்றின் கண்ணை நேராகப் பார்க்காமல் உங்கள் நாயை மறுபக்கம் வைத்துக்கொண்டு மெதுவாக விலகுங்கள். தீபாவளி வாரத்தில் வெடி தொடங்குமுன் கழிக்க வைத்துக் கூட்டி வந்தால் போதும், வியப்பெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மனம் கனத்திருக்கும் நாளில் எதையும் தேட வேண்டாம். நாயின் நடைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள், நகம் தரையில் படும் அந்தச் சத்தம் போதும்.

இப்போது பொன்னியால் கடற்கரை வரை வர முடிவதில்லை, மரத்தடியோடு சரி. பக்கத்து வீட்டுப் பன்னீர்ப்பூ மரம் இந்தக் கார்த்திகையில் ராத்திரி முழுக்க உதிர்க்கிறது. என் நோட்டில் இந்த வார வரி: "பொன்னி பூ மேலேயே படுத்துவிட்டாள். பத்து நிமிடம் எழவில்லை. வேலு இழுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான்."