சொற்பலகைப் போட்டி: விதியையும் மேடையையும் மாற்றும் முறை

தமிழ்மொழி விழாவுக்குச் சமூக மன்றத்தில் ஆண்டுதோறும் சொற்பலகைப் போட்டி (பலகையில் மறைந்திருக்கும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்டம்) நடத்துபவர்கள், புதுமைக்காக விதியை மாற்ற வேண்டாம். சென்ற ஆண்டுக் காணொளியைப் பாருங்கள். எல்லாரும் ஒரே உத்தியைக் கையாளும் இடம் தெரியும். அதை மட்டும் மாற்றுங்கள்.

இதே போன்ற ஆட்டமான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வீல் ஆஃப் ஃபார்ச்சூன் அப்படித்தான் மாறியது. இறுதிச் சுற்றில் ஐந்து மெய்யும் ஓர் உயிரும் கேட்கலாம் என்றிருந்தது. பெரும்பாலோர் ஆர், எஸ், டி, எல், என், ஈ என்றே கேட்டார்கள். 1988இல் அந்த ஆறையும் நிகழ்ச்சியே திறந்து கொடுத்து, மேலும் மூன்று மெய், ஓர் உயிர் கேட்க விட்டது. கூடவே நேரத்தை 15 வினாடியிலிருந்து 10ஆகக் குறைத்தது. சலுகை கொடுத்தால் நேரத்தை இறுக்கத்தான் வேண்டும்.

தமிழில் அதே விதி நடக்காது. எழுத்துகள் 247. ‘கூ’ கேட்டால் ‘கூ’ மட்டும் திறக்கும் என்றால் ஆட்டம் நகராது. ‘க’ என்றதும் க் முதல் கௌ வரை வரிசை முழுதும் திறக்கட்டும். சிங்கப்பூர் இடப்பெயரான ‘சிராங்கூன்’ ஐந்து கட்டம்: சி, ரா, ங், கூ, ன். ‘க’ கேட்டவருக்குக் ‘கூ’ கிடைக்கும். தனி உயிரெழுத்து பெரும்பாலும் சொல் முதலில்தான் வரும். அதைக் கேட்பவரிடம் புள்ளியைக் கழிக்காதீர்கள். ஜூரோங் போன்ற இடப்பெயர் வைத்தால், ஜ, ஸ வரிசைகளும் உண்டு என்று முன்பே அறிவியுங்கள். இறுதிச் சுற்றில் க, த, ன வரிசைகளைத் திறந்து ஒத்திகை பாருங்கள். விடை உடனே வந்துவிட்டால் ஒன்றைக் குறையுங்கள்.

முதலில் மணி அடிப்பவர் விடை சொல்லும் சுற்றுக்கு, அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியான ஜெப்பர்டியின் திருத்தம் நல்லது. 1984இல் கேள்வி முடியுமுன்பே அடிக்கலாம் என்றிருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், முந்தினால் அவர் மணி கால் வினாடி பூட்டிக்கொள்ளும் என்றானது. மின்பூட்டு இல்லையென்றால், கேள்வி முடிந்ததும் நடுவர் பச்சை அட்டையைத் தூக்கட்டும். அட்டை எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஓரத்தில் நின்று தூக்கினால் எட்ட இருக்கும் அணி தோற்கும்.

வீல் ஆஃப் ஃபார்ச்சூன் பலகை 1997இல் மின்திரைகளுக்கு மாறியது. அதற்குமுன் ஒவ்வொரு புதிருக்கும் ஒளிப்பதிவை நிறுத்தி எழுத்துகளை மாற்றினார்கள். உங்களுக்கு மின்திரை வேண்டாம். ஏ4 தாளைக் கிடையாக வைத்து 8 பத்தி, 4 வரிசை ஒட்டினால் 2.4 மீட்டர் அகலம், 84 சென்டிமீட்டர் உயரம். எழுத்தளவை ‘ணொ’ அடங்கும்படி முடிவுசெய்து எல்லாத் தாளுக்கும் அதையே வையுங்கள். இரண்டு பலகை இருந்தால், ஒன்று மேடையில் இருக்கும்போதே மற்றதை மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிரப்பலாம்.

விதித்தாளில் ஆண்டை அச்சிடுங்கள். பழைய தாளை நடுவர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள்.