வலியோடு இருப்பவரின் குணத்தை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

"ஏனுங், முன்னெல்லாம் இவ இப்படி இல்லீங்க. இப்ப எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழறா." பல்லடம் பக்கம் நான் வைத்திருக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு கணவர் சொன்னது இது. மனைவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கழுத்தும் தோளும் வலிக்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பேசிய நேரம் முழுக்க அந்த அம்மா ஸ்கேன் கவரின் ஓரத்தை மடித்து, நிமிர்த்தி, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். அன்று அவருடைய சீட்டில் "பயந்த சுபாவம்" என்று குறித்து வைத்தேன். நாலைந்து மாதம் கழித்து, வலி பாதியாகக் குறைந்து ராத்திரித் தூக்கமும் வந்த பிறகு, அதே அம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பாட்டிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். சுபாவம் என்று நான் எழுதியது, வலி அவரை ஆக்கி வைத்திருந்த நிலை. அந்தச் சீட்டை அடித்துத் திருத்தினேன். அந்தத் தவறை வேறு யாரும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அது வந்தவர்களிடம் "உன் குணத்தாலதான் உனக்கு வலி" என்று சொல்வது வீடுகளிலும் உண்டு, மருத்துவத்திலும் உண்டு. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சட்டென்று பதறுவது, கவலைப்படுவது, குன்றிப்போவது ஆகியவை கூடுதலாக உள்ள குணக்கூறை உளவியலில் நியூராட்டிசிசம் என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நாள்பட்ட வலியோடு மனச்சோர்வும் சேரும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் குணத்தை அளக்கத் தரும் கேள்வித்தாளை நிரப்பும்போது அவர் வலியில் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். "தூக்கம் கெடுகிறதா, உடம்பு அசதியா, எரிச்சல் வருகிறதா" என்று கேட்டால் வலிக்காரர் வேறு என்ன பதில் சொல்வார்?

இதற்கு ஒரு நல்ல சான்று 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கார் விபத்தில் கழுத்து சட்டென்று முன்னும் பின்னும் இழுபட்டு, நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்கு, வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பைச் சூடுவைத்துச் செயலிழக்கச் செய்தார்கள். வலி முழுசாக நின்றவர்களுக்கு மனவேதனையும் தானாகவே நீங்கிவிட்டது. மனநல சிகிச்சை என்று எதுவும் தரவில்லை. வலி நிற்காதவர்களில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் மனவேதனை அப்படியே இருந்தது. அதனால் வலி வருவதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று வீட்டாரைக் கேட்காமல் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

சரி, அப்படியானால் வலியை மட்டும் பார்த்தால் போதும், மனசு தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கலாமா? அதுவும் தவறு, இன்னும் பெரிய தவறு. மூட்டுவாதம், பழைய முதுகுவலி, உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா போன்றவற்றில் வலி முழுசாகப் போவது அபூர்வம். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனச்சோர்வை விட்டுவைத்தால் அது தூக்கத்தைக் கெடுக்கும், உடற்பயிற்சியை நிறுத்தும், வலியை ஏற்றும். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையே வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

இதில் அதிகம் கைநழுவிப் போவது அழுகிறவர்களும் புலம்புகிறவர்களும் இல்லை. வாயே திறக்காதவர்கள். நம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களைத்தான் சொல்கிறேன். முழங்கால் தேய்ந்த ஒரு விவசாயி வந்துகொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க, பொறுத்துக்கோணும்" என்பார். ஒருநாள் கூட வந்த அவர் மனைவி மெல்லச் சொன்னார்: "மாடு கன்னு போட்டு பத்து நாளாச்சுங்க. கட்டுத்தறிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலீங்க." அறுபது வருஷம் மாட்டோடு வாழ்ந்த மனுஷன். அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று எனக்குச் சொன்னது அந்த ஒரு வரிதான். காலால் நடக்க முடியாதது வேறு. கன்று காளையா கிடாரியா என்று கேட்கக்கூடத் தோன்றாதது வேறு.

மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, பிஎச்க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வார நிலையைக் கேட்கும். அதில் தூக்கம், அசதி, பசி பற்றிய கேள்விகளுக்கு வலி மட்டுமே காரணமாக இருக்கலாம். வலிக்காரரிடம் நான் அதிகம் கவனிப்பது மற்றவற்றை: பிடித்ததில் நாட்டம் போய்விட்டதா, "நான் எல்லாருக்கும் பாரம்" என்கிறாரா, தன்னையே குறை சொல்கிறாரா. "வெசனமா இருக்குதா?" என்று நம் பேச்சில் கேட்டால் பதில் வருகிறது. "டிப்ரெஷனா?" என்றால் வாய் மூடிக்கொள்கிறது.

பொறுப்பு மிகுந்தவர்கள் இன்னொரு வகை. ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள், நோம்பி என்றால் ஒரே நாளில் வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவிவிடுவார்கள், அப்புறம் மூன்று நாள் எழ முடியாது. நாலாம் நாள் "என்னால ஒண்ணும் ஆகலை" என்று தன்மேலேயே கோபம். இவர்களிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்பதும் தவறு, "எல்லாத்தையும் விட்டுட்டு உக்காரு" என்பதும் தவறு. வேலையைப் பறித்துவிட்டால் அவர்கள் யார் என்பதையே பறித்த மாதிரி. நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வேலை, நடுவில் ஓய்வு. இதைப் பழக்க வேண்டும்.

"அதையே நினைக்காதே" என்ற அறிவுரையால் யாருக்கும் பயன் வந்து நான் பார்த்ததில்லை. வலியையே சுற்றிச் சுற்றி நினைப்பது, பெரிதாக்கிப் பார்ப்பது, இனி வழியில்லை என்று கைவிடுவது, இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு சிந்தனைப் பழக்கம். பழக்கம்தான், மாற்றலாம். பயத்தைக் கிளப்புவது பெரும்பாலும் "டிஸ்க் தேஞ்சு போச்சு" போன்ற வார்த்தைகள். முதுகில் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் பலர்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், மெடிக்கல் ஷாப்பில் யாராவது "இது மனசுக்குத் தர்றதுங்களே" என்று சொல்வதைக் கேட்டு, "என்னை லூசுன்னு நினைச்சுட்டாங்க" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூளையிலிருந்து கீழிறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதையிலும் அது வேலை செய்கிறது, அதனால்தான் வலிக்குத் தருகிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வலிக்கு ராத்திரியில் தரும் 10 மில்லிகிராமோ 25 மில்லிகிராமோ பொதுவாக மனச்சோர்வுக்குப் போதிய அளவு இல்லை. அதை விழுங்குவதால் மனசுக்கும் வைத்தியம் நடக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். எந்த மாத்திரையையும் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

"போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று ஒருவர் சொன்னால், வலியில் சும்மா சொல்கிறார் என்று தள்ளிவிடுவது எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை டப்பாவும் அப்படியே. அவரைத் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலிக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று சொல்லக்கூடிய ஒருவரையும் கூட்டிப் போங்கள்.