பைபாசுக்குப் பிறகு வந்த காலைப் படபடப்பு

இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை, முடிந்து காயம் ஆறிய பிறகுதான் இது தொடங்கியது. பசியாறிய அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைய வியர்க்கும், வயிறு கலக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கிளினிக்கில் பார்த்ததில் ரத்த அழுத்தம் சரி, சர்க்கரையும் சரி. சம்பலை (காரமான மிளகாய்த் தொக்கு) நிறுத்தினேன், அப்புறம் தோசையையும். பலனில்லை.

ஆனால் இரவில் அதே தோசை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது! காலையில் மட்டும் கூடவே தே தாரிக், அதாவது இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீர். பைபாசில் இரைப்பையிலிருந்து குடலுக்குத் திறக்கும் கதவு வழியே உணவு போவதில்லை. சர்க்கரை நேராகச் சிறுகுடலில் இறங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. 'டம்பிங்' என்றார் உணவியல் நிபுணர்.

இப்போது தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), அதுவும் சாப்பிட்டு அரை மணி கழித்து. படபடப்பு நின்றது. ஒட்டுக்கடை அண்ணன்தான் இன்னும் முறைக்கிறார்.